திருகுவதற்கு முன்

பெண்ணாடத்திலிருந்து ரயிலேறிப் போய் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஏழு வருடம் சூளை பார்த்தேன். அகல் விளக்கும் சின்னப் பொம்மைகளும்தான் சரக்கு. ஒரு கார்த்திகை நெருக்கடியில் அடுத்தடுத்து மூன்று சூளைகளில் விரிசல் விழுந்தது. மண் சரியில்லை என்றார்கள். நான் பர்னரைத் திருகினேன். ஒரு சூளைக்குச் சூட்டைக் கூட்டினேன், அடுத்ததற்குக் குறைத்தேன். விரிசல் கூடியதுதான் மிச்சம்.

பக்கத்துப் பட்டறைப் பெரியவர் வந்து உடைசலைப் புரட்டிப் பார்த்தார். "எத்தினி மணிக்குத் தொறந்தீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

நான்காவது சூளையில் எதையும் மாற்றாமல், அரை மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். விடிந்தபோது விஷயம் நோட்டுப் பக்கத்திலேயே இருந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று கதவை விரலளவு திறந்தபோது உள்ளே 600 டிகிரிக்கு மேல். பீங்கான் மண்ணில் குவார்ட்ஸ் உண்டு. ஆறும்போது 573 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறி, சட்டென்று சுருங்கும். மெதுவாகக் கடந்தால் சரக்கு தாங்கும். அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் பிளந்துவிடும். நான் உச்சச் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு இறங்கும் வழியில் இருந்தது. ஐந்தாவது சூளையை 200க்குக் கீழே வரும்வரை மூடியே வைத்தோம். அகல்கள் முழுசாக வந்தன.

அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் 1924இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலைக்காக ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். எந்த அளவும் நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறும், இறங்கும், அது இயல்பு. அந்த இயல்பான ஆட்டத்தின் எல்லையைத் தாண்டினால்தான் காரணம் தேட வேண்டும். இயல்பான ஆட்டத்துக்கெல்லாம் இயந்திரத்தைத் திருகினால் ஆட்டம் பெருகும். நான் மூன்று சூளை உடைத்துக் கற்றது அதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோதும் இதே தவற்றைச் செய்தேன். ஒருநாள் கொஞ்சம் கூடினால் சோற்றை நிறுத்துவது, மறுநாள் கொஞ்சம் இறங்கினாலே பதறிப்போய் இனிப்பு ஊட்டுவது. அப்புறம் அந்தப் பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் சாப்பிட்ட நேரத்தையும் அளவையும் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் மாத்திரையை மாற்றவில்லை. பத்து மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

டீக்கடையோ பட்டறையோ நடத்துகிறவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவையுங்கள். முதல் இரண்டு வாரம் எழுத மட்டும் செய்யுங்கள்.