கால் வைக்கும் இடம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் கரைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காணியும் வள்ளமும் ஊரிலேயே நின்றுவிட்டன. கையும் காலும் மட்டுமே எங்களுடன் வந்தன. அவற்றை நம்பித்தான் உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் வெங்காயத் தோட்டத்திலும் பெண்கள் கூலிக்குப் போனோம். ஆகவே சகோதரிகளே, எங்களில் ஒருத்தி வேலையிடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டால் அது அவளுடைய வலி மட்டுமல்ல. அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

களப்போரத்து உப்பளம் ஒன்றில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் தடிக்கவிட்டு, கடைசிப் பாத்தியில் விளையும் உப்பை வாரிக் குவிப்பார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரம்பு வழியே அம்பாரத்துக்குக் கொண்டுபோவது பெண்களின் வேலை. வரம்பு களிமண். வாய்க்காலைக் கடக்க ஒற்றைப் பலகை. தலையில் சுமை இருக்கும்போது குனிந்து காலடியைப் பார்க்க முடியாது.

போரில் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்த ஒரு ராத்தா அந்தப் பலகையில் சறுக்கி விழுந்தா. மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் கூலி இல்லை. "விதி" என்றார்கள் சிலர். "கவனமில்லை" என்றார்கள் வேறு சிலர். இரண்டில் எதைச் சொன்னாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பலகை அப்படியே கிடக்கும்.

நாங்கள் ஆறு பேர் அந்தப் பலகையைப் போய்ப் பார்த்தோம். நடுவில் தொய்ந்திருந்தது. மேலே உப்புத் தண்ணீரும் களியும் படிந்து வழுவழுத்தது. அந்தப் பருவத்தில் அதே இடத்தில் ஏற்கனவே நான்கு பேர் சறுக்கியிருந்தார்கள். ஒரே இடத்தில் ஐந்து பேர் சறுக்கினால் குறை கால்களில் இல்லை, அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சண்டை பிடிக்காமல் எல்லோரும் சேர்ந்து கங்காணியிடம் போனோம். மூன்று விடயங்கள் கேட்டோம். இரண்டு பலகைகளைச் சேர்த்து, கால் பிடிக்கக் குறுக்குச் சட்டங்கள் அறைய வேண்டும். வரம்பில் மணல் போட வேண்டும். பெண்களுக்கு மறைவான மலசலகூடம் வேண்டும். "விழுவதற்கும் கக்கூசுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் சிரித்தார். ஒதுங்க இடமில்லாததால் நாங்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம், உச்சி வெயிலில் தலை சுற்றுவது அதனால்தான் என்று விளக்கினோம். பலகையும் மணலும் ஒரு கிழமைக்குள் வந்தன. கிடுகு மறைப்புக்குப் பல மாதம் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அதுவும் வந்தது.

மற்ற வேலையிடங்களிலும் இப்படித்தான். இறால், மீன் வெட்டும் இடத்தில் செதிலும் ஐஸ் தண்ணீரும் தரையில் தேங்க விடக்கூடாது, உடனுக்குடன் வழித்துவிட வேண்டும். வாடியில் கயிறும் வலையும் நடைபாதையில் கிடந்தால் தடக்கி விழுவோம். அவற்றுக்கென்று ஒரு மூலை ஒதுக்க வேண்டும். உப்பு வெளிச்சத்திலிருந்து இருண்ட கொட்டிலுக்குள் நுழையும்போது, கண் பழகும்வரை வாசலில் சற்று நில்லுங்கள். அடி தேய்ந்த செருப்பை ஈரத்தில் போடாதீர்கள். பாவாடை விளிம்பை உயர்த்திச் செருகுங்கள். கூடையை நிரப்பி ஒரு தடவை போவதைவிட, குறைத்து இரண்டு தடவை போவது நல்லது.

இது சின்ன விடயம் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. தற்செயல் காயங்களால் வரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்தது இதுதான்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலையின் தரையும் படிகளும் நடைவழிகளும் உறுதியாகவும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும் என்கிறது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க வழி தருகிறது. நாட்கூலி என்பதற்காக மட்டும் அந்த உரிமை இல்லாமற் போகாது. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் சேர்த்தது.

அதனால் யாராவது விழுந்தால், திகதி, நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். வைத்தியசாலையில் "வேலை செய்யும்போது விழுந்தேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்தி, தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாயிருந்தால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போரில் நாங்கள் இழந்தவற்றைத் தடுக்க எங்களால் முடியவில்லை. ஒரு பலகையில் சட்டம் அறையச் சொல்ல முடியும். நாளைக்கு வேலைக்குப் போனதும், எந்த இடத்தில் எல்லோருக்கும் கால் சறுக்குகிறது என்று பக்கத்தில் நிற்பவளிடம் கேளுங்கள். அதை முதலில் திருத்தச் சொல்லுங்கள்.