திரும்பி வராத விடை



நமது மதரஸாவின் கீழ் ஒன்பது மக்தபுகள் இயங்குகின்றன. ரமளானுக்கு முன் யத்தீம் பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டிப் புத்தாடைப் பட்டியல் அமைப்பது நமது பொறுப்பு. ஒவ்வொரு மக்தபின் பதிவேடும் இணையத்தில் தனித்தனியே இருப்பதால், அனைத்தையும் ஒரே வேளையில் இறக்கிச் சேர்க்கப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினோம். உஸ்தாதுக்கு இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அது வேறு கதை.

ஒன்பது பதிவேடுகளுக்கு ஒன்பது இழைகள், அதாவது திரெட்கள். இழை தன் பணியை முடித்துத் தரும் விடையைப் பைத்தான் வாங்கி வைப்பதில்லை. ‘ஜாயின்’ என்று அழைத்தால் இழை முடியும்வரை காத்திருக்கும். கையில் தருவதோ எப்போதும் வெறுமைதான். எனவே பொதுப் பட்டியல் ஒன்றை வைத்து, ஒவ்வோர் இழையும் தான் கண்ட பெயர்களை அதில் சேர்க்கும்படி செய்தோம்.

துணியும் வாங்கப்பட்டது. பெருநாளுக்கு இரு நாள் முன்பு ஒரு தாய் வந்தார். “ஹஜ்ரத், எம் புள்ள பேரு இல்லையாமே?”

தேடினால், அந்த மக்தபே பட்டியலில் இல்லை. இணைப்பு அறுந்து அந்த ஓர் இழை இடையிலேயே மடிந்திருக்கிறது. பிழைச்செய்தி திரையில் ஓடியிருக்கிறது, நாம் கவனிக்கவில்லை. முதன்மை நிரலோ ஒன்றும் அறியாததுபோல், எஞ்சிய எட்டையும் கூட்டிக் காட்டிவிட்டது. விடுபட்டவர்கள் ஏழு பிள்ளைகள். அன்றிரவே கடைத்தெருவுக்கு ஓடினோம்.

அதன் பின்னரே ‘ஃபியூச்சர்’ என்பதைக் கற்றோம். ஜாவா இதனை 2004இல் தன் நூலகத்தில் சேர்த்தது. பைத்தானுக்கு 2011இல் வந்தது. பணியை ஒப்படைத்தவுடன், சலவைக் கடையில் தரும் சீட்டைப்போல் ஒன்று நம் கைக்கு வருகிறது. அதனிடம் ‘ரிசல்ட்’ என்று கேட்டால், விடை ஆயத்தமாகும்வரை காத்திருந்து தரும். பணி பிழையில் முடிந்திருந்தால், அந்தப் பிழையையே நம் முன் எழுப்பும். நமக்கு வேண்டியிருந்தது இதுதான்.

கேட்க மறந்தாலோ, நிலைமை முன்னதினும் மோசம்: பிழை சீட்டுக்குள்ளேயே கிடக்கும், திரையில் ஒரு வரிகூட வராது. ஒவ்வொரு பணியையும் ஒப்படைத்த கையோடு விடையைக் கேட்டாலும் பயனில்லை. ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். முதலில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இரண்டு தவறுகளையும் நாம் செய்திருக்கிறோம்.

இவ்வாண்டு ஷஃபானில் நிரல் ஆறாவது மக்தபின் பெயரைச் சொல்லி நின்றுவிட்டது. அங்குள்ள உஸ்தாதைத் தொலைபேசியில் அழைத்து, பதினொரு பெயர்களைக் கையால் எழுதிக்கொண்டோம்.