எங்கள் வீட்டு உப்பு சத்தியாக்கிரகம்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நம் முன்னோர் சொல்லிவைத்துப் போயிருக்கிறார்கள். முதன் முதலில் இதைச் சொன்ன புண்ணியவானுக்கு ரத்தக் கொதிப்பு இருந்திராது. அவர் வீட்டில் உப்பைத் தராசில் நிறுத்துப் போடும் ரஸாயன உபாத்தியாயர் எவரும் இருந்திரார். இவை இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் வந்து வாய்த்தன. அதனால் மூண்ட போராட்டத்தின் வரலாற்றைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷங்களுக்கு மேலாக ரஸாயனம் கற்பித்து வருகிறவன். வயது நாற்பத்தாறு. என் மனைவி ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறாள். ஒரே பெண், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கெல்லாம் மேலாக என் தாயார். சமையலறை அவருடைய ராஜ்யம். என் மனைவி அங்கே மந்திரி. எனக்கு அந்த ராஜ்யத்தில் பிரஜை என்ற அந்தஸ்துகூடக் கிடையாது. வாசற்படிக்கு இப்பால் நின்று, "காப்பி ஆயிற்றா?" என்று கேட்பதோடு என் சம்பந்தம் முடிந்துவிடும். ஆனால் வருஷந்தோறும் ஆகஸ்டு 15-ந் தேதி பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றியதும், "தன் கையே தனக்குதவி" என்னும் பொருள் பற்றி மாணவர்களுக்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்வதற்கு மட்டும் நான் தவறியதில்லை.

சென்ற வருஷம் ஆனி மாதத்தில் என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. அதனுடன் கோயமுத்தூருக்கு மாற்றலும் வந்தது. அவள் தயங்கினாள். பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த உயர்வு. ஆனால் வீட்டை விட்டுப் போவதெப்படி? அம்மாதான் ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார். "நீ போய் வா, அம்மா. நான் இருக்கிறேன். இவனுக்கும் குழந்தைக்கும் சோறு போட என் கை போதாதா?" என்றார். அவளும் போனாள்.

நாற்பது நாள் ஆவதற்குள், அந்தக் கையைத்தான் வியாதி தாக்கிற்று. விடியற்காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியபோது வலது கையும் காலும் துவண்டிருந்தன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் சொற்கள் மட்டும் வாரா. மூளையின் இடப்பாகத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் உடம்பின் வலப்பாகமும் பெரும்பாலும் பேச்சும் சேர்ந்தே பாதிக்கப்படும் என்று வைத்தியர் விளக்கினார். விளக்கம் தெளிவாக இருந்தது. ஆறுதலாக இல்லை.

பந்துக்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே யோசனையைச் சொன்னார்கள். "மருமகள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடவேண்டியதுதான். வேறு என்ன செய்ய?" என் மனைவி ஒரு மாத விடுமுறையில் வந்து இரவு பகலாய்ப் பணிவிடை செய்தாள். விடுமுறை முடிகிற தினத்தில் ராஜிநாமாக் கடிதம் ஒன்றை எழுதி, "அத்தை, நான் போகவில்லை" என்று அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து கண் கலங்கினாள். அம்மா இடக்கையை நீட்டி அக்கடிதத்தை வாங்கினார். தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். பிறகு கடிதத்தைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் அவரிடமிருந்து அதைப் பெறுவது எவராலும் ஆகவில்லை.

அப்பொழுது என் வாயிலிருந்து, "நான் சமைக்கிறேன்" என்ற சொற்கள் வெளிவந்தன. சொன்னவன் நான்தானா என்று எனக்கே ஐயமாயிருந்தது. என் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஐயம் இன்னும் பலமாகத் தெரிந்தது.

பகல் வேளையில் அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஓர் அம்மாளை அமர்த்தினோம். காலையும் மாலையும் அடுப்பு என் பொறுப்பு. ரஸாயனம் கற்றவனுக்குச் சமையல் ஒரு பெரிய காரியமா என்று எண்ணித்தான் ஆரம்பித்தேன். முதல் நாள் சாம்பாரில் காயையும் புளிக்கரைசலையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியும் முருங்கைக்காய் விறகுச் சுள்ளியாகவே இருந்தது. புளிப்பான திரவத்தில் காய்கறி எளிதில் இளகாது. காய் வெந்த பிறகே புளி விடவேண்டும். அமிலங்களின் குணங்களை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய எனக்கு, அவற்றுள் ஒன்று புளிக்கரைசலிலும் இருக்கிறதென்பது அன்றுதான் உறைத்தது. பருப்பு வேகவில்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அம்மா பருப்புக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்ததன் காரணம் அப்பொழுது விளங்கிற்று.

மார்கழியில் இட்லி மாவு பொங்க மறுத்தது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் பிசகில்லை. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை வெளியிடுவதனாலேயே மாவு பொங்குகிறது. குளிரில் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்பு மேடையின் மூலையில் வைக்கவேண்டும் என்பதை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா இடக்கையால் ஜாடை காட்டித்தான் அறிந்தேன். ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்த என் பெண், "அப்பா, இது ரசமா, ரஸாயனமா?" என்று கேட்டாள். உண்மை விளம்பியைக் கோபித்துக்கொள்வது நியாயமல்ல என்று பேசாதிருந்தேன்.

இனி உப்பு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் ஊறுகாயும் அப்பளமும் நின்றுவிட்டன. வைத்தியரோ, "உப்பை இன்னமும் குறைக்கவேண்டும்" என்றார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்கவேண்டும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கும் யோசனை. 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் எந்த உப்பு? கல்லுப்பில் கற்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால், அதே கரண்டியில் தூள் உப்பு எடைக்கு அதிகமாகப் பிடிக்கும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒரு சிறு தராசு வாங்கிவந்து, வேளைக்கு இவ்வளவு என்று நிறுத்துப் போட ஆரம்பித்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு திருத்தமாக எந்தப் பரிசோதனையையும் செய்ததில்லை.

நாலு நாள் அம்மா பேசாமல் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் தட்டை இடக்கையால் மெதுவாக நகர்த்தி வைத்தார். மாலையிலும் அப்படியே. மறு நாள் காலையிலும் அப்படியே. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ரத்தக் குழாய்களைப் பற்றிச் சொன்னேன். வைத்தியரின் உத்தரவைச் சொன்னேன். வேளைக்கு இத்தனை கிராம் என்று விரலை மடக்கிக் காட்டினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் நடுங்கின. ஐந்து மாதமாக ஒரு சொல்லும் உருப்பட்டு வராத அந்த வாயிலிருந்து, தெளிவாக, கணீரென்று ஒரு சொல் வந்தது.

"உப்பு!"

என் பெண் ஓடிவந்து பாட்டியைக் கட்டிக்கொண்டாள். நான் கையில் கரண்டியுடன் நின்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாயார் மறுபடியும் பேசும்போது முதலில் என் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ என் சமையலின் குற்றத்தைச் சொன்னார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதாரணியத்தை நினைத்துக்கொண்டேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு எடுக்க நடந்தார் அல்லவா? எங்கள் ஊர் வழியாகத்தான் அந்தப் படை சென்றது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலை ஓரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்தக் கதையை நான் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கலெக்டரின் பெயரைச் சொல்வேன். தலைவர்களின் பெயர்களைச் சொல்வேன். அந்தப் பொட்டலங்களில் இருந்த சோற்றை வடித்த கைகள் எவருடையவை என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மாணவர்கள் கேட்கும்படி நான் சொன்னதுமில்லை. கொதிக்கும் கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டு, மணிக்கட்டில் தழும்போடு படுத்திருந்த அன்றைய இரவில்தான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றிற்று.

கூடவே இன்னொன்றும் தோன்றிற்று. அந்த உத்தரவையும் என் தராசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நன்மைக்காகவே செய்கிறோம் என்று ஒவ்வோர் அரசாங்கமும் சொல்லிக்கொள்ளும். ஐம்பது வருஷம் இந்த வீட்டின் உப்பைத் தம் கையால் அள்ளிப் போட்டவர் என் தாயார். அவருக்குக் கை போயிற்று, பேச்சுப் போயிற்று. மிச்சமிருந்தது, இது போதும், இது போதாது என்று தீர்மானிக்கும் உரிமை ஒன்று. அதையும் நான் நிறுத்து எடுத்துக்கொண்டுவிட்டேன்.

சத்தியாக்கிரகம் என்றால் சமரசமும் உண்டல்லவா? 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு விளையும் கடற்கரைப் பக்கத்து ஜனங்கள் தங்கள் உபயோகத்துக்கு உப்பு எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கப்பட்டது. வரிச் சட்டம் போகவில்லை. ஆனாலும் ஜனங்களின் கை உப்பைத் தொடலாம் என்றாயிற்று. எங்கள் வீட்டு ஒப்பந்தமும் ஏறக்குறைய அதே மாதிரி அமைந்தது. வைத்தியர் சொன்ன அளவில் மாற்றமில்லை. ஆனால் அம்மாவுடைய பங்கில் பெரும்பகுதியை அடுப்பில் போடாமல் ஒரு சிறு மரச் சம்புடத்தில் நிறுத்துவைத்து, காலையில் அவர் பக்கத்தில் வைத்துவிடுவேன். அவர் பங்கு குழம்பையும் கறியையும் முன்னதாகத் தனியே எடுத்துவிடுவேன். தட்டில் பரிமாறிய பின் அவரே தம் கையால் தூவிக்கொள்வார். இதில் சாஸ்திரமும் இருக்கிறது: பண்டத்தின் உள்ளே கரைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாவில் முந்திப் படும், கொஞ்சமே அதிகமாகத் தோன்றும். அதோடு எலுமிச்சம்பழச் சாறும் மிளகும் வறுத்த சீரகமும் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தேன். புளிப்பும் காரமும் இருக்குமிடத்தில் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது.

முதல் நாள் அம்மா இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தார். சாதத்தின் மேல் தூவினார். வாயில் வைத்தார். தலையை அசைத்தார். அன்றிரவு சம்புடத்தைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது!

தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை எளிதாயிற்று. உடற்பயிற்சி கற்றுக்கொடுக்க வந்தவர், பருப்புப் பொறுக்குவதும் அவரை உரிப்பதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று சொன்னார். முறத்தை மடியில் வைத்தோம். முதலில் இடக்கை பொறுக்கிற்று. பிறகு வலக்கை தடவிற்று. சித்திரை மாதத்தில் வலக்கை ஓர் உளுத்தம் பருப்பை எடுத்து நகர்த்திற்று. சொற்களும் ஒவ்வொன்றாய் வந்தன. "புளி," "போதும்," "தீயைக் குறை." என் பெயர் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தது, அதுவும் கடுகு தீய்ந்த சமயத்தில்.

என் மனைவி பதினைந்து நாளைக்கு ஒரு முறை ரயிலில் வந்து போகிறாள். ஒரு தடவை தலையணை உறையை மாற்றும்போது ராஜிநாமாக் கடிதம் அகப்பட்டது. மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். அம்மா அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். அடுப்போ காஸ் அடுப்பு. காகிதத்துக்கு அங்கே வேலையில்லை. ஆகையால் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டோம்.

இந்த வருஷமும் ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. தலைமை ஆசிரியர் வழக்கம்போல் என்னைப் பேச அழைத்தார். "தன் கையே தனக்குதவி" என்று ஆரம்பித்துக் கையை உயர்த்தினேன். மணிக்கட்டுத் தழும்பு கண்ணில் பட்டது. மாணவர்களைப் பார்த்து, "இன்று காலையில் நீங்கள் சாப்பிட்டதை யார் சமைத்தார்கள்? வீட்டுக்குப் போனதும், எதற்கு முன் எதைப் போட்டார்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. மாணவர்கள் அளவு கடந்த உற்சாகத்துடன் கைதட்டினார்கள்.

இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் வடைக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. அதிக நேரம் ஊறினால் எண்ணெய் குடிக்கும் என்பது அம்மாவின் உத்தரவு.