முடியாத ரதங்கள்

இருபத்தேழு வாரம் தொடர்கதை எழுதிய கை, இருபத்தெட்டாவது வாரம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? கதாநாயகியை ரயிலடியில் நிறுத்தினேன். ரயிலும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. இரண்டு நாள் குழம்பு தீய்ந்தது. "எங்கேயாவது காற்றாடப் போய் வா, அம்மா!" என்றார் மாமியார். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்திருப்பீர்கள். அத்துடன் திரும்பிவிடாதீர்கள். ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்கள் இரண்டும், வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன. நான் போனபோது துணைக்கு இரண்டு ஆடுகள்தாம்!

எல்லாம் பல்லவர் காலத்து வேலை. ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். மேலே குட்டிக் குட்டிக் கூடுகள், வளைவுகள், அத்தனையும் நறுவிசு. கண்ணைக் கீழே இறக்குங்கள்: வெறும் கல்! பாறையில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் துருத்தி நிற்பதை உடைத்தெடுப்பது அவர்கள் முறை. அப்படி வேலை செய்தவர்கள் பாதியில் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். சுமார் 1,300 ஆண்டுகளாக அது அப்படியே நிற்கிறது. நாமும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறோம்.

சற்றுத் தள்ளி மர நிழலில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கதை ஞாபகமே வந்தது.

திரும்பும் பஸ்ஸில் காகிதத்தை எடுத்தேன். கதைக்கல்ல, இத்தனை நாள் கேட்க வெட்கப்பட்டதை ஆசிரியருக்கு எழுத. இரண்டு வாரம் லீவு! கதாநாயகி இன்னும் ரயிலடியில்தான் இருக்கிறாள். பாவம், உட்கார ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன்.