முதல் பாதி சோழகத்துக்கு எதிரே

வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கட கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி இந்தப் பருவத்தின் முதலாவது ஆட்டத்தை ஆடுகிறது. எதிரணி முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வருகிறது. 18 வயதுப் பிரிவு. ஒரு பாதிக்கு 40 நிமிசம். இடம், எங்கட சொந்த மைதானம்.

கடைசியாகச் சொன்னதை நீங்கள் சும்மா வாசித்துவிட்டுக் கடந்திருப்பீர்கள். இங்கிலாந்து பிறீமியர் லீக் பார்க்கிற ஆக்களுக்கு அதில் புதினம் ஒன்றும் இல்லை. அங்கே 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம், அதில் 19 சொந்த மைதானத்தில். எங்கட பள்ளிக்கூட உதைபந்தாட்டம் அப்படி நடப்பதில்லை. வலயமட்டம், அதில் வென்றால் மாகாணமட்டம், அதிலும் வென்றால் தேசியமட்டம். யாரோ ஒரு பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் காலமை ஏழெட்டு அணிகள் வந்து இறங்கும். நேரம் போதாது எண்டு ஆட்டத்தை வெட்டிக் குறைப்பார்கள். தோற்றால் அதோட சரி. மத்தியானப் பார்சலை பஸ்ஸுக்குள்ள இருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்ட வரவேண்டியதுதான். பயிற்சி ஒரு வருசம், பருவம் ஒரு பகல்.

இதை எழுதுகிற நாங்கள் ஐந்துபேர். வெவ்வேறு வருசங்களில் இந்த அணிக்கு ஆடினவர்கள். எங்களில் ஒருத்தி ஆறு வருசம் அணியில் இருந்தவள். அந்த ஆறு வருசத்தில் சொந்த மைதானத்தில் வெளி அணியொன்றோடு ஆடின ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை எங்கட அரையிறுதிக்கு முன்னால் நடந்த பெடியளின் ஆட்டம் இழுபட்டுப் போனது. "பொழுதுபடுது பிள்ளையள்" எண்டு சொல்லி எங்கட ஆட்டத்தை பெனால்ரி உதையோடு மட்டும் முடித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு உதை. வென்றது நாங்கள்தான். ஆனால் அந்த வெற்றியைச் சொல்லி எங்களில் ஒருத்தரும் இன்றுவரைக்கும் பெருமைப்பட்டதில்லை.

ஆகவே இந்த வருசம் பொறுப்பு ரீச்சர் ஒரு வேலை பார்த்தா. வலயப் போட்டிக்கு முன்னால் நாலு சிநேகபூர்வ ஆட்டம், இரண்டு இங்க, இரண்டு வெளியில. பஸ் காசுக்குப் பழைய மாணவர்கள் கொஞ்சம் போட்டார்கள். சனிக்கிழமை நடப்பது அதில் முதலாவது.

மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கு எழும்பினபோது பள்ளிக்கூடமும் சேர்ந்து எழும்பியது. எங்கட அம்மாமார் படித்தது இடம்பெயர்ந்த கொட்டில்களுக்குள்ள. சிலர் கோணாப்புலம் முகாமிலிருந்து நடந்து போய்ப் படித்தவர்கள். விளையாட்டுப் பாடம் என்றால் கொட்டிலுக்கும் கிணத்தடிக்கும் நடுவில் நின்று கையைத் தூக்கி இறக்கிறதுதான் எண்டு எங்களில் ஒருத்தியின் அம்மா சொல்லுவா. மைதானம் அந்தக் காலம் முழுக்க உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. திரும்பக் கிடைத்தபோது ஆளுயரத்துக்குப் பற்றை, நடுவில வடலி, தென்மேற்கு மூலையில் பங்கர் ஒன்று.

பங்கரைக் கல்லும் செம்மண்ணும் போட்டு மூடினார்கள். ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் அந்த இடம் கொஞ்சம் இறங்கும். திரும்ப மண் போடுவார்கள், திரும்ப இறங்கும். கோணர் கொடியிலிருந்து பதினைந்து அடி தள்ளி, ஒரு சின்ன அறையளவு இடம். அதில் விழுகிற பந்து எழும்பாது, அப்படியே இருந்துவிடும். பிள்ளையள் அதுக்குக் 'குழியக்கா' எண்டு பேர் வைத்திருக்கிறார்கள். "குழியக்காட்ட குடு" எண்டு ஒருத்தி கத்தினால் மற்றவளுக்கு எங்க அடிக்கவேணும் எண்டு விளங்கும். சொந்த மைதானத்தின் அனுகூலம் எண்டு தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் சொல்வது இரசிகர்களின் சத்தத்தை. எங்கட அனுகூலம் மூடின பங்கர். இதை இப்படிப் பகிடியாக எழுதலாமா எண்டு எங்களுக்குள்ள ஒரு கதை வந்தது. பிள்ளையள் பகிடியாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் அதுக்கு மேல பாரத்தை ஏத்த விரும்பவில்லை.

ரீச்சர் ஆட்டம் தொடங்க முதலே எதிரணியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டப்போறாவாம். ஒரு பிள்ளைக்குக் கால் மடங்கினால் ஆர் பொறுப்பு எண்டு கேட்கிறா. நியாயம்தான். போச்சுது அனுகூலம்.

மற்றப்படி மைதானம் குறையில்லை. சட்டப்படி நீளம் குறைந்தது 90 மீற்றர் வேணும். போன கிழமை நாடா பிடித்துப் பார்த்தோம், 92 இருக்கு. கோல் கம்பம் ஊரில் ஒட்டுவேலை செய்கிற அண்ணை குழாயில் செய்து தந்தது. 7.32 மீற்றர் அகலம் சரியாக இருக்கு. 2.44 உயரம் இரண்டு கரையிலும் சரி, நடுவில் சட்டம் ஒரு விரலளவு தொய்ந்திருக்கு. எங்கட கோல்கீப்பர் ஐந்தடி இரண்டு. தொய்வு அவவுக்கு நல்லதுக்குத்தான்.

இனி அணி. போன வருசம் மாகாண அரையிறுதியில் 0-1 எண்டு தோற்ற பதினொரு பேரில் ஐந்துபேர் ஏ.எல். முடித்துப் போய்விட்டார்கள். பின்வரிசை முழுக்கப் புதுசு, பயமும் அங்கேதான். நடுப் பின்களத்தில் நிற்கிற இரண்டுபேரும் நல்லா ஓடுவார்கள், ஆனால் ஒருத்தருக்கொருத்தர் கதைக்க மாட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை, வெட்கம். பயிற்சியில் நாங்கள் கரையில் நின்று "கதையுங்கோ பிள்ளையள்" எண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கப்ரின் நடுக்களத்தில் நிற்கிறா. பந்து வர முதல் இரண்டு தோளுக்கும் மேலால் ஒருக்காத் திரும்பிப் பார்ப்பா. ஒருத்தரும் சொல்லிக் கொடுத்ததில்லை. 10 ஆம் இலக்கம் இடதுகால்காரி, பத்தாம் வகுப்பு. கோல் அடிக்கத் தெரியும், பந்தைக் குடுக்கத் தெரியாது. இந்த வயதில் அது பரவாயில்லை எண்டு எங்களில் மூன்றுபேர் சொல்கிறோம். மற்ற இரண்டுபேரும் அவவோடு ஒரே அணியில் ஆடிப் பார்க்கட்டாம் எண்டு சொல்கிறார்கள்.

காற்றைப் பற்றி நாங்கள் இரண்டு பின்னேரம் வாக்குவாதப்பட்டோம். இது சோழகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து வரும். மைதானம் வடக்குத் தெற்காக இருக்கு, தெற்கே கோயில் பக்கம், வடக்கே றோட்டுப் பக்கம். நாணயச் சுழற்சியில் வெல்கிற அணி, எந்தப் பக்கம் அடிக்கிறது அல்லது பந்தை முதலில் உதைக்கிறது, இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். ரீச்சர் முதல் பாதியில் காற்றோடு றோட்டுப் பக்கம் அடிக்கவேணும் எண்டு நினைக்கிறா. ஐந்து மணிக்குப் பிறகு காற்று குறையலாம், இருக்கும்போதே எடுத்துவிடவேணும் எண்டது அவவின்ர கணக்கு.

எங்கட கணக்கு வேற. முதலில் சோழகத்துக்கு எதிரே, கோயில் பக்கம் அடிக்கவேண்டும். காற்றோடு அடிக்கிற நீளப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவிடும், துரத்திப் போகிற பிள்ளைக்குக் களைதான் மிச்சம். எதிர்க்காற்றில் பந்து தாங்கி நிற்கும். அதோடு தெற்கே அடித்தால் குழியக்கா எங்கட வலது விங்கில் இருப்பா. ரீச்சர் இடத்தைக் காட்டினாலும், அதில் விழுந்த பந்தை எப்படி எடுக்கிறது எண்டு எங்கட பிள்ளைக்குத்தான் தெரியும். இரண்டாவது பாதியில், கால் களைத்த நேரத்தில், மிஞ்சியிருக்கிற காற்று முதுகைத் தள்ளட்டும். ரீச்சர் கேட்டுவிட்டு "நீங்கள் எழுதுங்கோ, நான் யோசிக்கிறன்" எண்டா.

எதிரணியை நாங்கள் போன வருசம் மாகாணப் போட்டியில் பார்த்தோம். கையால் எறிகிற பந்தை கோணர் உதை மாதிரி கோலுக்கு முன்னால் கொண்டுவந்து போடுகிற ஒரு பிள்ளை அவர்களிடம் இருக்கிறா. இந்த வருசமும் இருந்தால் கஸ்டம்தான். மணலில் பயிற்சி செய்கிற ஆக்கள், இறுகின செம்மண்ணில் கால் இன்னும் வேகமாக வரும். ஆனால் விடிய வெளிக்கிட்டு, ஏ35 றோட்டால் பரந்தன் வந்து, ஆனையிறவு, கொடிகாமம், சாவகச்சேரி எண்டு மத்தியானம் வரைக்கும் பஸ்ஸில் இருந்துவிட்டு வருவார்கள். அந்தக் களை எப்படியிருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் பஸ்ஸில் போனது நாங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கட பழைய மாணவிகள் சமைக்கிறார்கள், பார்சல் இல்லை, வாழையிலையில்.

இனிக் கோல்கீப்பர். இந்த அணியில் சந்தேகமில்லாமல் நல்ல ஆட்டக்காரி. 2019 இல் சட்டம் மாறின பிறகு கோல் உதை தண்டப் பெட்டியை விட்டு வெளியே போகவேண்டும் எண்டில்லை, உள்ளுக்கேயே பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக் கொடுக்கலாம். எங்கட காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைத்தோம். இவ நிமிர்ந்து பார்த்து, காலால் கொடுத்து, திரும்ப வாங்குவா. 2025 ஜூலையிலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் மற்ற அணிக்குக் கோணர் உதை. பயிற்சியில் எண்ணிப் பார்த்தோம், இவ ஐந்தைத் தாண்டினதில்லை.

ஆனால் சனிக்கிழமை இவ ஆடுவாவா எண்டு இதை எழுதும்போது எங்களுக்குத் தெரியாது. மாகாணப் போட்டிப் படமொன்று முகநூலில் போனது. பிரான்சிலிருக்கிற தமையன் கண்டுவிட்டுக் கோல் எடுத்தார். காற்சட்டைக்குக் கீழே கறுப்பு லெகின்ஸ் போட்டிருக்கிறா எண்டு சொல்லியும் அவர் ஆறவில்லை. அதோடு ஓ.எல். வருசம், சனிக்கிழமை பின்னேரம் கணித ரியூசன். தகப்பன் தொழிலுக்குப் போகிறவர், "தாய் சொல்லுறதுதான்" எண்டுவிட்டார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. (வீட்டில் கேட்டுத்தான் எழுதுகிறோம். தமையனும் வாசிப்பார்.)

தாய் இதுவரைக்கும் மகளின் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. எங்க போய்ப் பார்க்கிறது? எல்லாம் வேற ஊரில், வேலை நாளில், காலமை. மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பந்துக்குக் குறுக்கே பாய்வதை அவ கண்டது தமையன் அனுப்பின அந்தப் படத்தில் மட்டும்தான். வீட்டிலிருந்து எங்கட மைதானம் நானூறு மீற்றர். போன ஞாயிறு நாங்கள் போய்ச் சொன்னோம், அம்மா நீங்கள் வந்து ஒருக்காப் பாருங்கோ, பிறகு முடிவெடுங்கோ எண்டு. தேத்தண்ணி தந்தா. "பாப்பம்" எண்டா.

சொந்த மைதானம் இல்லாமல் ஆட்டம் எப்படிச் சாகும் எண்டதுக்குப் பழைய கதை ஒன்று இருக்கு. 1920 டிசம்பர் 26 ஆம் திகதி லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கேர் லேடீஸ் எண்ட பெண்கள் அணியின் ஆட்டம் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் வந்தார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் அவர்கள். அடுத்த வருசம் டிசம்பரில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: சங்கத்தில் சேர்ந்த கழகங்கள் தங்கட மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது. கவனியுங்கோ, பந்தை ஒருத்தரும் பறிக்கவில்லை. மைதானத்தைத்தான் பூட்டினார்கள். அதைத் திறக்க 1971 ஆனது.

எங்களை ஒருத்தரும் தடை செய்ததில்லை. பெடியளின் கிரிக்கெட் முடியவேணும், இல்ல விளையாட்டுப் போட்டி முடியவேணும், ஊர்க் கழகத்தின் சுற்றுப்போட்டி முடியவேணும், பிறகு மைதானம் சும்மா கிடந்தால் பெட்டையள் வரலாம். தீர்மானம் ஒன்றும் தேவைப்படவில்லை.

40 நிமிசப் பாதியைக் கேட்டு ஒருத்தர் "அப்ப முழு மட்ச் இல்லையோ" எண்டு பகிடி விட்டார். 1991 இல் சீனாவில் நடந்த முதலாவது பெண்கள் உலகக் கிண்ணத்திலும் ஆட்டம் மொத்தம் 80 நிமிசம்தான். எங்கட காரணம் வெயில், வேறொன்றும் இல்லை. பெடியளுக்கும் இந்த மாதத்தில் இதே நேரம் வைத்தால் நல்லது.

கணிப்பு: எங்களில் நாலுபேர் 2-1 எண்டு சொல்கிறோம், எங்கட பக்கம். ஒருத்தி 1-1 எண்டு நிற்கிறா, பின்வரிசையை நினைத்து. கோல்கீப்பர் ஆடாவிட்டால் இந்த வரியை வாசிக்காமல் விடுங்கோ.

வாறவர்களுக்கு: மேற்குப் பக்கம் வேம்படியில் நிழல் இருக்கும், அது அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும். பெடியள் கிழக்குப் பக்கம் நில்லுங்கோ, வெயிலுக்கும் விசிலுக்கும் அங்கே இடம் தாராளம். மோட்டார் சைக்கிளைக் கோலுக்குப் பின்னால் விடவேண்டாம். கதிரை இருபதுதான் இருக்கு, மிச்சத்தை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கோ.