ஒரே ஆழாக்கால் அளக்க வேண்டும்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் இருக்கிறது. நின்ற இடத்திலேயே மிதிக்கிற ரகம். "ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் வாங்கிப் போட்டார்.

தினமும் அரை மணி மிதிப்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஆறு நிமிஷச் சோதனை. ஒரே பளுவில், ஒரே வேகத்தில் மிதித்து, முடிகிற சமயம் நாடியைப் பார்த்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன். அதே பளுவுக்குத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்.

2024 ஜனவரியில் 142. ஏப்ரல் கடைசியில் 131. எனக்கு ஒரே சந்தோஷம். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், 151!

கை கால் ஓடவில்லை. என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். எனக்கு அப்போது 46. யாரிடமும் சொல்லவில்லை. சைக்கிளைத் தொடவே பயம். பத்து நாளில் அது துணி காயப்போடும் ஸ்டாண்டாகிவிட்டது.

லீவுக்கு வந்தாள் என் நாத்தனார் பெண். பிசியோதெரபி படிக்கிறவள். ஈரத் துண்டைப் பார்த்ததுமே, "என்ன அத்தை இது?" என்றாள். என்னை அறியாமல் அழுதுவிட்டேன்.

நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அன்னிக்கு எத்தனை மணிக்கு ஓட்டினீங்க?"

"பதினொன்றரை இருக்கும். மாடியில் வடாம் பிழிந்துவிட்டு வந்தேன்."

"ஃபேன்?"

"கரண்ட் இல்லை."

"காபி?"

"இரண்டு டம்ளர்."

எழுந்து போய் சைக்கிளைப் பார்த்தாள். பளு திருகு இரண்டு எண் ஏறியிருந்தது, ஸீட் இறங்கியிருந்தது. என் சின்னவன் விளையாடிய விளையாட்டு!

"இட்லிக்கு அரிசியை ஆழாக்கால் அளந்துட்டு, உளுந்தைச் சொம்பால் அளப்பீங்களா அத்தை?" என்று சிரித்தாள்.

பிறகு விளக்கினாள். வெயிலில் உடம்பு சூடேறினால், சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கும் ஓட வேண்டும். அதனால் இதயம் கூடுதலாகத் துடிக்கும். தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை, முதல் நாள் அலுப்பு எல்லாமே கணக்கைக் கலைக்கும். இந்த ஆறு நிமிஷ முறையை 1954-ல் வெளியிட்டவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த ஓஸ்ட்ராண்டும் இர்மா ரைமிங் என்ற பெண்மணியுமாம். நாடித் துடிப்பை வைத்தே உடம்பின் திறனைக் கணக்கிட்டார்கள். துடிப்பு ஒன்றை வைத்தே கணக்கு என்றால், அதை மாற்றுகிற மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

மறுநாளே டாக்டரிடம் போய் ஈ.ஸி.ஜி. எடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். "இதை என்கிட்டே சொல்ல வேண்டாமா?" என்று இவர் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான்: காலை ஆறு மணி, காபிக்கு முன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். அதே இடத்தில், அதே வேகத்தில் ஃபேன். ஸீட்டுக்கும் திருகுக்கும் நெயில் பாலிஷால் அடையாளம். சோதனைக்கு முன் மெதுவாக ஐந்து நிமிஷம் மிதிப்பேன். சோதனையின்போது பேச்சு கிடையாது. ஜுரமோ, சரியான தூக்கமில்லாத இரவோ என்றால், அன்று சோதனையே கிடையாது.

சகோதரிகளே, இரண்டு விஷயம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடியைக் குறைத்துக் காட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே இறங்கிவிட்டு டாக்டரிடம் போங்கள். அதற்குக் காரணம் தேடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்த சோதனையில் எனக்கு 130. துணியெல்லாம் இப்போது மாடிக் கொடியில் காய்கிறது.