நாலு மணிக்கு மேல் இறங்காத கதவு

“மத்தியானம் வந்தீங்கன்னா ஒன்னும் பாக்க ஏலாது சேர். அந்தக் கதவு நாலு மணிக்கு மேலதான் மக்கர் பண்ணும்.”

ரோலர் கதவு திருத்தும் அவர் போனில் இப்படிச் சொன்னதால் ஹட்டனிலிருந்து சாவகாசமாகவே கிளம்பினேன். தலவாக்கலையில் பஸ் மாறிப் பூண்டுலோயா டவுனில் இறங்கும்போது மணி மூன்றரை. டன்சினன் மலைப்பக்கம் வெயில் இன்னும் இருந்தது. பள்ளத்தில் மூட்டம் கூடிக்கொண்டிருந்தது. தோளில் பையும் கையில் மடக்கு ஏணியுமாக நின்ற அவர், அந்த மூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. ரோட்டை ஒட்டி வேன் நிறுத்தும் அறை, அதற்கு ரிமோட்டில் ஏறி இறங்கும் ரோலர் டோர். காலையில் குறையில்லாமல் வேலை செய்கிறது. மாலையில் ஏறும். இறங்கச் சொன்னால் ஒரு சாண் இறங்கிவிட்டு, பயந்த பிள்ளை மாதிரி மறுபடியும் மேலே ஓடிவிடும். மோட்டாரில் இருக்கும் பல்ப் மினுக்கும். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் மோட்டார் களைத்துவிட்டது என்றார். மற்றவர் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்றார். இரண்டு பேரும் வந்தது பகலில்.

“டீச்சர், போர்டுக்குக் காசு குடுத்திட்டீங்களா?”

“இல்லப்பா. நீ பாத்துச் சொன்ன பொறகுதான்னு இருக்கேன்.”

ஐந்தாம் ஆண்டில் அவர் இந்த டீச்சரின் வகுப்பில் படித்தவர். இன்றைக்கும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

முதல் கால் மணி நேரம் அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். ஏறும்போது நிற்குமா? மழை நாளில் எப்படி? பல்ப் எத்தனை தரம் மினுக்கும்? அதன் பிறகு மோட்டாரிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்தார். கதவுக்கும் மோட்டாருக்கும் இருந்த பிடி விட்டது. கதவை ஒரு கையால் பாதிவரை தூக்கிக் கையை எடுத்தார். விழவும் இல்லை, ஏறவும் இல்லை. அப்படியே நின்றது.

“பாரத்த ஸ்பிரிங்தான் தாங்கணும். மோட்டார் சும்மா தள்ளிவிடுற ஆள்.”

தகரக் கதவு ஐம்பது கிலோவைத் தாண்டும். உருளைக்குள் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்தான் அந்தக் கனத்தைச் சமன் செய்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் முழுப் பாரமும் மோட்டாரின் நைலோன் பல்சக்கரத்துக்குப் போய்விடும்; பல் தேயும். அப்போது மோட்டாரை மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். ஆகவே எந்தக் கதவானாலும் முதல் சோதனை இந்தக் கயிறுதான். ஸ்பிரிங்கை மட்டும் வீட்டுக்காரர்கள் தொடவே கூடாது என்று டீச்சரிடம் இரண்டு தடவை சொன்னார். அவருடைய இடது கட்டைவிரலில் ஒரு நீளத் தழும்பு இருக்கிறது.

கயிற்றை மறுபடி மாட்டி, கதவை ஏற்றி இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பா தோட்டத்துப் பெக்டரியில் மெஷின் வேலை பார்த்தவர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ரோலர் என்றாலே கொழுந்தை உருட்டும் மெஷின்தான். ஓடுகிற ரோலரின் பெயரிங்கில் மரக்குச்சியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து நோயைச் சொல்லிவிடுவாராம். மகன் பதினேழு வயதில் கொழும்புக்குப் போய், கதவு பூட்டும் கூட்டத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, ஆறு வருடத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பினார். மலையகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அவர்கள் போவதைப் பற்றித்தான். அவர்கள் கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதே, அப்போது வேனை வெளியே எடுக்க முடியாமல் தவித்தவர்களுக்கு வீடு வீடாகப் போய் அந்தச் சிவப்புக் கயிற்றைக் காட்டிக்கொடுத்தவர் இவர்தான்.

நாலே கால் மணிக்கு மூட்டம் ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. டீச்சர் ரிமோட்டை அழுத்தினார். கதவு ஒரு சாண் இறங்கியது, ஏறியது. பல்ப் மினுக்கியது.

“வந்திருச்சி,” என்றார் அவர். விருந்தாளி வந்த மாதிரி முகம் மலர்ந்தது.

உடனே சுவரிலிருந்த பட்டனை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். கதவு கடைசிவரை இறங்கித் தரையைத் தொட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கினார். இந்த வகை மோட்டாரில் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ‘ஆள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்’ என்று பொருள். அப்போது அது கண்ணை நம்பாமல் இறங்கும். ஆக மோட்டாரிலும் போர்டிலும் குற்றமில்லை. கோளாறு கண்ணில்.

கண் என்பது வாசலின் இரு பக்கமும் கணுக்கால் உயரத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சிறு பெட்டிகள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் ஏதாவது குறுக்கிட்டால் இறங்கும் கதவு திரும்பிவிடும். அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் என்பவர் 1921-இல் மேல்நோக்கி ஏறும் கதவைச் செய்து, 1926-இல் அதற்கு மின்மோட்டார் பூட்டினார். அந்த மோட்டாருக்குக் கண் வருவதற்கு வெகுகாலம் ஆனது. கதவின் கீழே சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், 1993 ஜனவரி 1 முதல் அங்கே செய்யப்படும் வீட்டு மோட்டார்களுக்கு இந்தக் கண்ணோ அதற்கு ஈடான காப்போ கட்டாயமானது. அந்தச் சின்னப் பெட்டிகளின் பின்னால் பிள்ளைகளின் சாவு இருக்கிறது. இது தெரிந்த பிறகு அவற்றை அலட்சியமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

வாங்கும் கண்ணின் கண்ணாடி வியர்த்திருந்தது. பஞ்சால் துடைத்தார். அதிலிருந்த சிறு விளக்கு ஒரு கணம் நிலையாக எரிந்து, மறுபடி துடித்தது. “ஈரம் மட்டுமில்ல,” என்று மீட்டரை எடுத்தார். மோட்டார்ப் பெட்டியில் 12 வோல்ட். கண்ணின் முனையில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஆடியது. நடுவில் எங்கேயோ சக்தி தொலைகிறது. வயர் போகும் குழாயை விரலால் தட்டிக்கொண்டே போனவர், வெளிச்சுவர் மூலையில் நின்றார். அங்கே ஒரு முடிச்சு. வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துப்போயிருந்தது. வெயிலில் காய்ந்திருக்கும்போது ஒப்பேற்றும். மூட்டத்தில் நனைந்தால் கைவிடும். அதோடு கண்ணாடியும் வியர்த்தால் கதிர் போய்ச் சேராது. பகலில் வந்த இருவர் கண்ணிலும் இது படாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

பச்சை பிடித்த பகுதியை வெட்டியெறிந்து, புதுத் துண்டு சேர்த்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, இணைப்பைச் சுவருக்கு உள்பக்கம் மேலே தூக்கிவைத்தார். தண்ணீர் தேங்காமலிருக்கக் குழாயின் அடியில் ஒரு துளை. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பையிலிருந்த பிவிசி குழாயில் இரண்டு அங்குலம் அறுத்து, இரண்டு கண்களுக்கும் தொப்பி மாதிரி மாட்டினார். மூட்டம் நேரே கண்ணாடியில் படாது. இப்படி ஒரு சாமான் கடையில் கிடையாது. பூண்டுலோயாவின் மாலை நேரத்துக்காகவே அவர் செய்துகொண்டது.

சில வீடுகளில் இந்தத் தொல்லைக்கு வேறொரு வைத்தியம் செய்கிறார்கள். இரண்டு கண்களையும் கழற்றி, முகத்துக்கு முகம் பார்க்கவைத்து டேப் சுற்றி மோட்டாருக்கு மேலே வைத்துவிடுவது. கதிர் எப்போதும் தடையில்லாமல் போகும். கதவு எப்போதும் இறங்கும். கீழே யார் நின்றாலும் இறங்கும். டீச்சருக்கும் ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறார்.

“நம்ம பாப்பா ஓடித் திரியிற வீடு டீச்சர். அத மட்டும் யாரையும் செய்ய விடாதீங்க,” என்றார் அவர். குரல் உயர்ந்திருந்தது. அன்று முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

தேநீர் குடிக்கும்போது கூலியைப் பற்றிக் கேட்டேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பஸ்ஸில் வரும் போர்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள். போர்டு வேண்டாம் என்று கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கத்தான் கை வருவதில்லை. ‘ஒரு வயரைத்தானே வெட்டி ஒட்டினாய்’ என்கிறார்கள். மூட்டம் வரும்வரை காத்திருந்த நேரத்துக்கு விலையே இல்லை. இது அநியாயம். போர்டை மாற்றியிருந்தால் கதவு மறுநாள் மாலையும் ஏறித்தான் ஓடியிருக்கும். டீச்சர் பேரம் பேசாமல் கொடுத்தார். வேலையில் கற்றதைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி நம் நாட்டில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாமே என்றேன். பாரம் நிரப்பக் கூட வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு எதிர்வீடு தெரியவில்லை. கதவை இறக்கினார், இறங்கியது. மறுபடி ஏற்றி, இறங்கும்போது ஒரு பலகைத் துண்டைக் கண்ணுக்குக் குறுக்கே நீட்டினார், ஏறியது. பலகையைக் கண்ணுக்கு எட்டாமல் தரையில் படுக்கவைத்தார். கதவு அதை முட்டியதும் திரும்பியது. இருட்டும்வரை இருந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஏணியை மடக்கும் முன் மோட்டாரின் மூடியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் பென்சிலால் அன்றைய திகதியும், ‘கண் வயர், வெளி மூலை, மாற்றியது’ என்றும் எழுதினார்.

“அடுத்த தடவ நான்தான் வருவேன்னு இல்லையே சேர்,” என்று சொல்லி மூடியைப் பூட்டினார்.